வண்டிக்கு ஊற்றிய உறை

சின்னமனூர்
கார்த்திகை 12

அன்பு மகள் மாரீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நல்ல சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், தொடங்கிவிட்டேன், அது எவ்வளவு தூரம் நிசம் என்பதை நீ முழுசாகப் படித்துவிட்டுச் சொல். புனேயில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று சிரிக்காதே ஆத்தா. போனில் பேசினால் உன் அம்மா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொள்வாள், அவள் காதில் விழக்கூடாத சேதி இது. மற்றபடி ஊர்ச்சேதி என்று பார்த்தால் இரண்டாம் போக நடவு முடிந்தது, உன் சித்தி உமாதேவி மகளுக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது, சித்தி தரையில் நடப்பதில்லை.

விஷயம் நம் புது லாரி. மலை ஏறி இறங்குகிற வண்டிக்குச் சாதா கியர் ஆயில் சூடு தாங்காது, சிந்தெடிக் ஊற்றுங்கள் என்று நீ சொன்னபோது இங்கே ஆளுக்கொரு நியாயம் பேசினார்கள். மெக்கானிக் சின்னக்கருப்பு அது தண்ணி மாதிரி, சீல் வழியா ஒழுகிப்போகும் என்றான். சர்வீஸ் சென்டரில் வாரண்டி போய்விடும் என்று பயம் காட்டினார்கள். நீதான் வண்டிப் புத்தகத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, கிரேடு நம்பரும் ஒப்புதல் நம்பரும் டப்பாவில் அப்படியே இருந்தால் வாரண்டிக்குப் பழுதில்லை, பில்லை மட்டும் எறிந்துவிடாதீர்கள் என்றாய். கியர் பாக்ஸ் கம்பெனியிலேயே வேலை பார்க்கிற பிள்ளை சொல்வதைக் கேட்காமல் சின்னக்கருப்பு பேச்சையா கேட்பேன். தேனியில் பேச்சிமுத்து கடையில் சீல் உடையாத டப்பாவாக வாங்கி, சர்வீஸ் சென்டரிலேயே கொடுத்து ஊற்றச் சொன்னேன். வண்டி அவ்வளவு அமைதியாக ஓடியது.

ஆயுதபூஜை கழிந்த மூன்றாம் நாள் கட்டப்பனையில் காய்கறியை இறக்கிவிட்டுக் காலி ட்ரேயோடு குமுளியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். நல்ல பகல், பதினொரு மணி இருக்கும். மூன்றாம் கியரில் வருகிறேன். உன் அண்ணன் விஜய்பாண்டி பழைய லாரியோடு உருண்டு நம்மை விட்டுப் போன அந்த வளைவுக்கு நூறடி இருக்கும்போது, என் காலுக்கடியில் கிளட்ச் தானாக அமுங்கியது. கியர் ராடு பதமாக நியூட்ரலுக்கு வந்தது. தேய்ந்த கியர் உதறிக்கொண்டு வெளியே வரும், சத்தம் போடும், உனக்குத் தெரியாததா. இது சத்தமே போடவில்லை. வந்து நின்ற ராடு இடமும் வலமுமாக இரண்டு தரம் ஆடியது. நியூட்ரலில் விழுந்துவிட்டதா என்று இரண்டு தரம் ஆட்டிப் பார்க்கிறது யாருடைய பழக்கம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். எப்படியோ மறுபடி கியரில் தட்டி இறக்கினேன்.

அடுத்த நடையும் அப்படி, அதற்கடுத்த நடையும் அப்படி. அந்த ஒரு இடத்தில்தான், இறங்கும்போது மட்டும்தான். சர்வீஸ் சென்டரில் ஸ்டீவன் என்று ஒரு பையன், கெட்டிக்காரன், அவனே ஓட்டிப் பார்த்தான், ஒன்றுமில்லை. பிறகு நான் ஓட்ட அவன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். ராடு ஆடியதைப் பார்த்துவிட்டு, ஐயா நீங்க கிளட்ச மிதிக்கலையே, மிதிக்கலையே என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அவன் மேலாளருக்கு அதெல்லாம் தெரியாது, வெளி ஆயில் ஊத்துனீக, வாரண்டி கெடையாது என்றார். நீ மெயில் போட்டதும்தான் ஆயிலை எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். சிந்தெடிக்கோடு பழைய சாதா ஆயில் கலந்திருக்கிறது, ரொம்ப வருஷம் ஓடித் தேய்ந்த கியரின் பித்தளைத் தூள் கிடக்கிறது, இந்த வண்டித் தூள் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

நான் நேராகப் போய்ப் பேச்சிமுத்துவைப் பிடித்தேன். கலப்பட ஆயிலைத் தலையில் கட்டிவிட்டாய் என்று கடைவீதியே பார்க்கப் பேசிவிட்டேன். அவர் அதே லாட் டப்பா ஒன்றை உடைத்து வெள்ளைத் தாளில் ஊற்றிக் காட்டினார், தேன் மாதிரித் தெளிவாக இருந்தது. அன்று சாயங்காலம் நம் டிரைவர் சுருளி தானாக வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அண்ணே, ஆயுதபூசையன்னைக்கு அக்காதான் பாட்டில குடுத்தாக, உறை ஊத்துன்னு சொன்னாக, நான்தான் ஊத்துனேன் என்றான். அவன் அக்கா என்றது உன் அம்மாவைத்தான். பழைய வண்டி ஆயிலில் ஒரு செம்பு எடுத்துப் புது வண்டிக்கு உறை ஊற்றினால் பழைய வண்டியின் ராசி கூட வரும் என்று இந்தப் பக்கம் டிரைவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு, பாலுக்கு மோர் விடுகிற மாதிரி. நானே அந்தக் காலத்தில் செய்திருக்கிறேன். ஆனால் உன் அண்ணன் வண்டியைக் காயலான் கடையில் வெட்டிய அன்றைக்கு உன் அம்மா போய் அதிலிருந்து அரை பாட்டில் வாங்கிவந்து மூன்று வருஷமாக வைத்திருந்தது எனக்குத் தெரியாது. அடுப்படியில் இருந்த அந்தப் பாட்டிலை நல்லெண்ணெய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் மேலாளர் ஒரு தாளை நீட்டினார். நான் வேறு ஆயில் எதுவும் கலக்கவில்லை என்று கையெழுத்துப் போட்டால் கம்பெனி பேச்சிமுத்துவிடம் வசூல் பண்ணிக்கொண்டு எனக்குப் புது கியர் பாக்ஸ் தரும். போடாவிட்டால் கியர் பாக்ஸ் வாரண்டி ரத்து. நான் உண்மையைச் சொல்லிவிட்டேன் மாரி. உன் அம்மா பெயரைச் சொல்லவில்லை, என் வழக்கம், நான் ஊற்றினேன் என்றேன். கியர் பாக்ஸை இரண்டு தரம் கழுவி, புத்தகத்தில் போட்டிருக்கிற அதே சிந்தெடிக்கைப் பேச்சிமுத்து கடையிலேயே வாங்கி ஊற்றினோம். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். நீ சொன்ன ஆயிலில் ஒரு குற்றமும் இல்லை, அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

முந்தாநாள் நானே ஓட்டி இறங்கினேன். அந்த வளைவு வந்தது. கிளட்ச் அசையவில்லை. ராடு மூன்றாம் கியரிலேயே நின்றது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், இல்லை. இன்னொரு வளைவு தள்ளி வண்டியை ஓரங்கட்டிவிட்டு, ராடின் மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன். இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் நடைக்கு ஒன்றரை லிட்டர் டீசல் மிச்சம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் என் வாய். அன்றைக்கு அவனுக்குப் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது அதனால்தான். போலீஸ் கேட்டபோதும் சொல்லவில்லை, உன் அம்மாவிடமும் சொல்லவில்லை, இன்றைக்குத்தான் உனக்கு எழுதுகிறேன்.

முந்தாநாள் இறங்கிவந்து மூன்று மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். உன் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஆயிலை மாற்றியது அவளுக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை, சுருளியும் சொல்லவில்லை என்று குலசாமி மேல் சத்தியம் செய்கிறான். தலை நிமிராமல், பிள்ளைய எங்கன எறக்கி விட்டீக என்று கேட்டாள். அந்த வளைவுலதான் என்றேன். ஏதும் சொன்னானா என்றாள். இல்லை என்றேன். அன்னைக்கும் ஒண்ணும் சொல்லாமத்தான் போனான் என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாளாக நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நான்தான் தூங்கவில்லை.

நீ இதை அவளிடம் கேட்காதே. வீரபாண்டி கௌமாரி உனக்குத் துணை இருப்பாள், நேரத்துக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. பொங்கலுக்கு டிக்கெட் இப்போதே போட்டுவிடு. கார் வாங்கப் போவதாகச் சொன்னாயே, வாங்கு, ஆனால் எந்த இறக்கமானாலும் கியரிலேயே இறங்கு ஆத்தா. டீசல் போனால் போகட்டும். அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்.

இப்படிக்கு உன் அப்பா,
மொ. ஈஸ்வரபாண்டி