இரண்டாவது ஒப்புதல்

ஜூன் 4, வியாழன்

எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் ஒருவர் என் காலை மிதித்தால்கூட ஸாரி சொல்வது நான்தான், அந்தப் பழக்கம். வேலை மலை மாதிரி கிடக்கும்போது டைரி எழுத உட்காருகிறவளை யாராவது மன்னித்துத்தானே ஆக வேண்டும்.

காலையில் ஒரு மின்னஞ்சல். நாங்கள் எழுதும் கணினி நிரல்களைச் சேமித்து வைத்திருக்கும் இணையச் சேவையை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறார்களாம். அதற்குள் வேறொன்றைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

'நாங்கள்' என்று எழுதியிருக்கிறேன். கை பழகிவிட்டது. கமா போய் ஏழெட்டு மாதம் இருக்கும்.

கல்லூரி முடித்ததும் அவளும் நானும் சேர்ந்து ஆரம்பித்த தொழில். டிரைவிங் ஸ்கூல்களுக்கான மென்பொருள் — எந்த மாணவருக்கு எந்த நேரம், எந்தக் கார், எந்த ஆசிரியர் என்பதை அது பார்த்துக்கொள்ளும். கமா என்பது நான் வைத்த பெயர். ஒரு கமா விட்டுப்போனாலும் நான் எழுதியதைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அவள் எனக்கு வைத்த பெயர் கோட்டான், ஊமைக்கோட்டானின் சுருக்கம். "வேணும்னா வாயத் தொறந்து கேளுடி, கோட்டான். கேட்டா என்ன, காசா பணமா?"

அவள் வீட்டுச் சூழ்நிலை. வேறு ஊரில் பெரிய கம்பெனியில் வேலை கிடைத்தது, போனாள். சண்டை போட்டுப் பிரிந்திருந்தால் திட்டிக்கொண்டாவது இருக்கலாம். அதற்கும் வழியில்லை.

ஜூன் 5, வெள்ளி

புதுச் சேவை ஒன்றில் பதிவு செய்யப் போனேன். முதல் கேள்வி: உங்கள் குழுவில் எத்தனை பேர்? பக்கத்தை மூடிவிட்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது தனி ஆளுக்கானது, எளிமை. இரண்டாவதில் நாம் எழுதியதை இயந்திரமே படித்துத் தவறு சொல்லும். மூன்றாவது குழுக்களுக்கானது, குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும்.

புத்தி இருப்பவள் முதலாவதை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். எனக்கு ஏன் கை வரவில்லை?

சரி, எழுதிவிடுகிறேன். எங்களுக்குள் ஒரு விதி இருந்தது. ஒருத்தி எழுதியதை இன்னொருத்தி படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது வாடிக்கையாளரிடம் போகும். அந்த விதியைச் சேவையிலேயே பூட்டி வைத்திருந்தோம். கமா போன அன்றே அதை நான் எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. அவளுடைய பழைய லேப்டாப் எதிர் மேசையில்தான் இருக்கிறது, அவள் பெயரில் திறந்தபடி. நான் ஒன்றை எழுதி முடித்ததும் எழுந்து போய், அவள் நாற்காலியில் உட்கார்ந்து, நான் எழுதியதை நானே படித்து, அவள் பெயரில் ஒப்புதல் கொடுக்கிறேன்.

ஆரம்பத்தில் உண்மையாகவே படித்தேன். அவளைப் போலவே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு. இப்போதெல்லாம் உட்காருவதுகூட இல்லை. நின்றபடியே பொத்தானை அழுத்திவிட்டு வந்துவிடுகிறேன்.

தனி ஆளுக்கான சேவையில் ஒப்புதல் என்ற ஒன்றே கிடையாது. எதிர் மேசைக்குப் போக ஒரு காரணமும் இருக்காது.

ஜூன் 11, வியாழன்

அம்மா இன்றும் இரண்டு டப்பா கட்டிக் கொடுத்தாள். கமா போனதை வீட்டில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் சொந்தத் தொழில் என்றபோது, "ரெண்டு பேரா இருக்கீங்க, சரி போ" என்றுதான் அப்பா விட்டார். தனியாக இருக்கிறேன் என்று தெரிந்தால் மறுநாளே வேலைக்கு விண்ணப்பம் போடச் சொல்வார்.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்காளா?" என்றாள் அம்மா.

"நல்லா இருக்கா." பொய் இல்லை.

ஒரு டப்பாவை மதியம் சாப்பிடுகிறேன், இன்னொன்றை ஆபீஸ் அறையைப் பூட்டுவதற்கு முன். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து சமைப்பது. கொட்ட மனம் வராது. "ஒடிஞ்சு விழற மாதிரி இருந்தே, இப்பத்தான் கொஞ்சம் பூசினாப்ல இருக்கே" என்று அவளுக்குச் சந்தோஷம்.

அப்பா பக்கத்து வீட்டுக்காரரின் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார். "எம் பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சவ, தட்டுனா ஓடும்னு சொல்லிட்டேம்மா. மானத்தக் காப்பாத்து." தட்டினேன். ஓடவில்லை.

ஜூன் 16, செவ்வாய்

தப்பு பண்ணிட்டேன். பெரிய தப்பு.

எங்கள் முதல் வாடிக்கையாளர், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மா, காலையிலேயே கூப்பிட்டார். லைசென்ஸ் பரீட்சைக்கு இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். இருவருக்கும் ஒரே நேரம், ஒரே கார். ஒரு பெண் பரீட்சைக்குப் போக முடியாமல் திரும்பிவிட்டாள். நர்ஸாம். அரும்பாடுபட்டு லீவு வாங்கி வந்தவளாம்.

"ஏம்மா, ஒரு கார்ல ரெண்டு பேரு எப்படி ஓட்டுவாங்க? ஒருத்தி மடியில ஒருத்தி உக்காந்தா?"

"ஸாரி மேடம்."

"ஸாரிய வெச்சு நான் என்ன வண்டியா ஓட்டறது? ஒருத்தர் எழுதினா இன்னொருத்தர் பாத்துட்டுத்தான் அனுப்புவோம்னு சொன்னீங்களே, இத யாரு பாத்தது?"

எதிர் மேசையைப் பார்த்தேன்.

"நான்தான் மேடம்."

"அப்ப எழுதினது?"

"அதுவும் நான்தான். இப்ப நான் மட்டும்தான் இருக்கேன்."

அந்தப் பக்கம் யாரோ ஹாரன் அடித்தார்கள். பிறகு, "எங்க வண்டியில கத்துக்கறவனுக்கு ஒரு பிரேக்கு, பக்கத்துல உக்காந்திருக்கறவனுக்கு ஒரு பிரேக்கு. உங்ககிட்ட ஒண்ணுகூட இல்லையாம்மா? மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள சரியா ஒரு ஏற்பாடு பண்ணலன்னா, நான் பழையபடி நோட்டுலயே எழுதிக்கிறேன்."

அவர் போனால் அவர் சொல்லி வந்த மற்றவர்களும் போய்விடுவார்கள். பிறகு இந்த அறை எதற்கு?

ஜூன் 17, புதன்

தவறு கிடைத்தது. ஆசிரியரை மாற்றினால் கார் காலியாக இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அந்த ஒரு வரியை விட்டிருக்கிறேன். கீழே 'ஒப்புதல்' என்று இருக்கிறது. அவள் பெயர்.

ச்சீ. என் தப்பு அவள் தலையில்.

திருத்தியதை அனுப்புவதற்கு முன், பழைய தவறான நிரலை அந்த இரண்டாவது சேவையின் இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்தேன். கண்டுபிடிக்காது என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. கண் மூடித் திறப்பதற்குள் கண்டுபிடித்துவிட்டது. "மற்றபடி மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள்!" என்ற பாராட்டு வேறு.

ஆக, வேலைக்கு அது போதும். இனி யோசிக்க ஒன்றுமில்லை. அப்புறம் ஏன் அழுகை வருது?

ஜூன் 19, வெள்ளி

நர்ஸுக்கு வேறு தேதி கிடைத்துவிட்டதாம். நானே போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லங்க, அன்னிக்கு நானே பயந்து நடுங்கிட்டுத்தான் வந்தேன்" என்று சிரித்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி சிரித்ததை நாள் முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 23, செவ்வாய்

கமாவிடமிருந்து குறுஞ்செய்தி. மூடப்போகும் சேவை, போகிற போக்கில் எல்லோருக்கும் ஒரு நினைவுக் குறிப்பு அனுப்பியிருக்கிறது, இந்த ஆண்டில் நீங்கள் செய்தவை என்று. அவள் எழுதியிருந்தாள்: "இந்த வருஷம் நான் அங்க மாடா உழைச்சிருக்கேன் போல! சம்பளம் எங்கடி?"

போனை மேசை டிராயரில் போட்டு மூடினேன். உள்ளே இருந்தே அடித்தது. கமாதான்.

"கோட்டான், எடுக்காம விட்டுடுவியோன்னு நினைச்சேன்."

"ஸாரி. உன் பேரை நான்... கேக்காம..."

"நீ ஒவ்வொரு தடவ அழுத்தும்போதும் எனக்கு மெயில் வரும்டி. 'நீங்க ஒப்புதல் குடுத்தாச்சு'ன்னு."

"முதல்லேர்ந்தா? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வெக்கப்பட்டு நிறுத்திடுவே. மெயில் வந்தா, சரி, இவ இன்னிக்கு எழுந்து ஆபீஸ் போயிருக்கான்னு தெரியும். வரலன்னா காய்ச்சலோன்னு நினைப்பேன்."

"நினைச்சா கூப்பிட வேண்டியதுதானே?"

"நீ கூப்பிட வேண்டியதுதானே?"

அவளுக்குப் பின்னால் நிறையப் பேர் பேசும் சத்தம், நாற்காலிகள் இழுபடும் சத்தம். கார் விஷயத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "அதை நான் பாத்திருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்றாள் மெதுவாக.

பாரேன் என்று அப்போதே கேட்டிருக்கலாம். "சரி, உனக்கு வேலை இருக்கும், வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டேன். என்ன பிறவி நான்?

ஜூன் 26, வெள்ளி

கமா போனதை அம்மாவிடம் சொன்னேன். டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளா ரெண்டு டப்பாவையும் தின்னது யாரு?"

"நான்தான்."

"எல்லாத்தையுமா?"

அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடங்கிய பிறகு, "தனியா எத்தனை நாளைக்கு ஓட்டுவே?" என்று கேட்டார். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். "யாரையாவது கேட்டுப் பாக்கறேம்பா" என்றேன்.

ஜூன் 28, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்பதால் தெருவே அடங்கிக் கிடக்கிறது. ஒற்றை டப்பாவோடு வந்தேன்.

மூன்றாவது சேவையை எடுத்துவிட்டேன், குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்கிற அதை. நிரல்களையெல்லாம் மாற்றியாயிற்று. இயந்திரத்தையும் அதிலேயே இணைத்துக்கொண்டேன். டிரைவிங் ஸ்கூல் அம்மாவுக்கு அது போதும். எதிர் மேசை லேப்டாப்பில் அவள் பெயரிலிருந்து வெளியேறி, மூடி வைத்தேன். இனி அங்கிருந்து நான் அழுத்த முடியாது.

இரண்டாவது ஆளை அழைக்க ஒரு கட்டம் இருக்கிறது. அவள் முகவரியைப் போட்டேன். கீழே 'செய்தி சேர்க்க விரும்பினால்' என்று இன்னொரு கட்டம். காலையிலிருந்து அதில் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். முதல் வார்த்தை ஒவ்வொரு முறையும் ஸாரி என்றே வந்தது. கடைசியில் அதை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பினேன். இவ்வளவுதான்:

"கமா, வேலைய விட்டுட்டு வான்னு கேக்கல. வாரத்துல ஒரு நாள், உனக்கு நேரம் கிடைக்கறப்ப, நான் எழுதினதப் படி. தப்பு கண்டுபிடிக்க மெஷின் இருக்கு, அதுக்காக இல்ல. நீ போனதுலேர்ந்து எனக்கு எதுவுமே திரும்பி வரல. ஏதாவது ஒண்ணையாவது திருப்பி அனுப்பு."