தட்டில் வளராத கிருமி

இன்று காலை இன்குபேட்டர் கதவைத் திறந்ததும், இளஞ்சூட்டில் இருந்த, கிருமி வளர்க்கும் ரத்த அகார் தட்டுகளின் வாடை முகத்தில் அடித்தது. பின்னாலிருந்து "தள்ளுடி, நானும் பார்க்கணும்" என்று நீ தோளை இடிப்பாய் என ஒரு நொடி காத்திருந்தேன். நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகப்போகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம். செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியில் நாம் இருவரும் நுண்ணுயிரியல் மேற்படிப்பில் இருந்தோம். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து அஞ்சலை என்ற பெண்ணைக் கொண்டுவந்திருந்தார்கள். வாரக்கணக்கில் விடாத காய்ச்சல். இதய வால்வில் கிருமி என்று வார்டில் சந்தேகப்பட்டார்கள். என்ன கிருமி என்று சொல்ல வேண்டியவர்கள் நாம்.

அவள் ரத்தம் ஊற்றிய வளர்ப்புப் புட்டி கலங்கியது; உள்ளே கிருமி வளர்கிறது என்று அர்த்தம். அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தட்டில் தேய்த்தால், மறுநாள் ஒன்றுமே இல்லை. மறுபடி தேய்த்தோம், மறுபடியும் வெறும் தட்டு. நுண்ணோக்கியிலோ உப்பியும் நீண்டும் கோணலாய் ஏதேதோ உருவங்கள். அதற்குள் அஞ்சலைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

அவள் கணவர் ஆய்வக வாசலுக்கே வந்துவிட்டார். "இன்னா டாக்டரம்மா, ரத்தம் எடுத்துகினே கீறீங்க, இன்னா நோவுன்னு சொல்ல மாட்டேன்றீங்க. போதும். வேனுக்குச் சொல்லிட்டேன். வூட்டுக்கே இட்டுகினு போறேன்."

படியிறங்கப் போனவருக்குக் குறுக்கே போய் நின்றாய். "நாளைக்குக் காலைல வரைக்கும் குடுங்கண்ணே. அப்புறம் நானே வேன்ல ஏத்தி விடுறேன்."

அவர் உன்னையே பார்த்தார். "நாளிக்குக் காலீல. அவ்ளோதான்."

உள்ளே வந்ததும் உன் குரல் தாழ்ந்துவிட்டது. "அது செத்திருக்காதுடி. உப்பியிருக்குன்னா, தன்னைச் சுத்தி இருக்கிற சுவரைச் சரியா கட்ட முடியலை. ஏதோ ஒண்ணு அதுக்குக் கிடைக்கலை."

அந்தச் சுவருக்கான கற்களில் ஒன்றைச் செய்ய வைட்டமின் பி6 வேண்டும். அதைத் தானே தயாரிக்க முடியாமல், இருக்கும் இடத்திலிருந்து உறிஞ்சியே வாழும் கிருமிகள் உண்டு. புட்டியில் அஞ்சலையின் ரத்தம் அதைக் கொடுத்திருக்கும்; தட்டிலிருந்த ஆட்டு ரத்தத்தில் அது போதவில்லை, கொடுக்க வேறு யாருமில்லை. நீ புதுத் தட்டில் புட்டியின் சொட்டைத் தேய்த்தாய். அந்த வைட்டமினைக் கசியவிடும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமியை அதன் குறுக்கே ஒரே கோடாய் இழுத்தாய். இது தவறினால் நம்மிடம் வேறு யோசனை இல்லை.

காலையில் நமக்கு முன்பே அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வாசலில் வேன் நின்றது. இன்குபேட்டர் முன்னால் நீ கையைக் கட்டிக்கொண்டாய். "என்னால முடியாது. நீ திற."

திறந்தேன். நீ இழுத்த கோட்டை ஒட்டி இரு பக்கமும் ஊசிமுனை அளவில் கிருமிக் கூட்டங்கள். தள்ளியிருந்த இடமெல்லாம் வெறுமை. தட்டோடு நீ வெளியே ஓடினாய்.

"கண்டுகினீங்களா?" என்றார் அவர்.

"கண்டுபிடிச்சிட்டோம். வேனை அனுப்பிடுங்க."

கிருமி சுவர் கட்டுவதைத் தடுக்கும் பெனிசிலினை மட்டும் கொடுத்தால் இதற்குப் போதாது என்று, வார்டில் இன்னொரு மருந்தையும் சேர்த்தார்கள். காய்ச்சல் இறங்க நாளாயிற்று. ஆனால் அஞ்சலை நடந்தேதான் வீட்டுக்குப் போனாள்.

போன மாதம் மாமல்லபுரத்தில் அவளைப் பார்த்தேன். மீன் கூடைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன். எங்க ஊட்டுக்காரரை நிறுத்துச்சே, அந்த டாக்டரம்மா, அதையும் கட்டாயம் இட்டுகினு வா."

தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். கல்யாணத்துக்குப் போவேன். நீ எங்கே என்று அவள் கேட்பாள். அவளுக்குச் சொல்ல வேண்டிய அந்த ஒரு பதிலைத்தான் இப்போது சுமந்துகொண்டிருக்கிறேன்.