அரைத் தாளம் தள்ளி ஓர் இருமல்

வால்-கிரி, கியூபெக்
11 பிப்ரவரி 1997

அன்புள்ள லுதோவிக்,

மான்ட்ரியாலில் நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே மைனஸ் முப்பத்தொன்று. மண் பாறையாகக் கிடப்பதால் உன் அப்பா இன்னும் கல்லறைத் தோட்டத்துக் கொட்டகையில்தான் இருக்கிறார். மே மாதம் பனி இளகினால்தான் குழி. அவரோடு இன்னும் ஆறு சவப்பெட்டிகள். ஏழு பேரில் ஐந்து பேர் உருக்காலைக்காரர்கள். இதை எந்தப் பத்திரிகையும் எழுதாது.

நம் ஆல்பத்தைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீ கையெழுத்திட்டு அனுப்பிய ஒப்புதல் தாள் வந்தது. 'காற்று சுத்தம்' பாட்டை நீக்கிவிட்டால் உருக்காலை நிர்வாகம் வெளியீட்டுச் செலவை ஏற்குமாம். பாட்டு உன்னுடையது, உன் கையெழுத்து போதும். ஸ்டூடியோக்காரர் கயேதான் மறுநாளே நாடாவிலிருந்து அதை வெட்டி எடுத்துவிட்டார்.

அதைப் பதிவு செய்த நாள் உனக்கு நினைவிருக்கும். கயேதான் விலைக்கு வாங்கி ஸ்டூடியோ ஆக்கிய பழைய மாதா கோயிலில், பாவமன்னிப்புக் கூண்டுக்குள் மைக் வைத்து உன் அப்பாவை உட்கார வைத்தோம். நீ 'காற்று சுத்தம், கவலை வேண்டாம்' என்று பாடி முடித்ததும் அவர் இரும வேண்டும். ஒவ்வொரு முறையும் அரைத் தாளம் தள்ளித்தான் இருமினார். 'ஃபெர்னான், தாளத்துக்கு இருமுங்க!' என்று டிரம்மிலிருந்து கத்தினேன். நம் ஊர் வசவு வழக்கப்படி பலிக்கிண்ணம், நற்கருணைப் பேழை என்று கோயில் சாமான் ஒன்று விடாமல் சொல்லி நம்மைத் திட்டினார். 'முப்பது வருஷம் ஆலைக்காரன் ஊதின சங்குக்கு ஓடினேன். இருமலாவது என் இஷ்டத்துக்கு வரட்டும்டி!' என்றார். விழுந்து விழுந்து சிரித்தோம்.

வெளியே வந்ததும் உன்னிடம் மெதுவாகக் கேட்டார்: 'ஏண்டா, இது மேல ஆபீஸ்ல இருக்கறவனுக்குக் கேக்குமா?' நீ சொன்னாய்: 'காதைப் பொத்தினாலும் கேக்கும்பா.'

போன திங்கட்கிழமை மற்ற பாட்டுகளைப் போட்டுக் கேட்டோம். காதல் பாட்டில் உன் முதல் அடி முடிந்ததும் இருமல். அரைத் தாளம் தள்ளி. 'பழைய நாடா, மிச்சம் மீதி ஒட்டியிருக்கும்' என்றார் கயேதான். என் கண்ணெதிரே புது நாடாவைப் பிரித்து, உன் குரலை மட்டும் அதில் ஏற்றினார். கூண்டு மைக்கின் கம்பியை நானே பிடுங்கினேன். மறுபடியும் இருமல். ஒவ்வோர் அடிக்கும்.

நேற்றுக் காலை, நல்ல வெயிலில், யாரும் வாசிக்காமல் வெறும் கோயிலை இரண்டு நிமிடம் பதிவு செய்தோம். போட்டுப் பார்த்தால் முதலில் சூடேற்றும் குழாயின் சத்தம். பிறகு கூண்டின் பலகை கிறீச்சிட்டது. பிறகு மூச்சு, இருமுவதற்கு முன் நெஞ்சு நிறைய இழுப்பாரே, அது. நாங்கள் காத்திருந்தோம். நாடா முடியும்வரை இருமல் வரவில்லை. இழுத்த மூச்சை அவர் விடவுமில்லை.

கயேதான் எழுந்து போய்க் கோட்டை மாட்டிக்கொண்டார். 'லுதோ பாடறதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு' என்றார். அதற்குப் பிறகு அவர் உள்ளே வரவில்லை.

வெள்ளிக்கிழமை நாடா அச்சுக்குப் போகிறது. வெட்டிய பாட்டை நான் எறியவில்லை, என் கோட்டுப் பையில் இருக்கிறது. உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. உனக்கும் வாடகை இருக்கிறது, தெரியும். ஆனால் சொல்ல வேண்டியதை அவரிடம் நீயே வந்து சொல். கூண்டின் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

உன் நெஞ்சு சுகமாக இருக்கட்டும். வந்து அந்த ஒரு வரியைப் பாடிவிட்டுப் போ, லுதோ. எவ்வளவு நேரம்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்?

உன் தோழி,
ஷந்தால்