வலேராவின் கடைசிப் பறப்பு

1998 நவம்பர் 16

முதல் பனி. ஓடுபாதையின் தெற்குக் கோடியில் இன்றும் ஒரு குண்டுவீச்சு விமானத்தை வெட்டினார்கள். ஆயுதக் குறைப்பு ஒப்பந்தமாம். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் என் மேசையிலிருந்து பார்த்தால் மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம். சோவியத் காலத்திலிருந்து நான் வானொலியில் "இறங்கலாம்" என்று சொல்லி இறக்கிய விமானங்கள்.

என் கணவன் வலேரா அவற்றில் திசை கணித்துச் சொல்லும் வழிகாட்டியாகப் பறந்தவன். வீட்டுக்கு வந்ததும் முட்டைக்கோஸ் நறுக்க உட்கார்ந்தான். எழுந்திருக்கவே இல்லை.

"போதும் வலேரா. ஒரு படைக்கே போடலாம்" என்றேன்.

"படை எங்க இருக்கு?" என்றான்.

நவம்பர் 17

ஊறுகாய் ஆறு ஜாடி. ஏழாவதுக்கு நறுக்குகிறான்.

1999 அக்டோபர் 19

மிஞ்சிய விமானங்களில் மூன்றை ரஷ்யாவுக்குக் கொடுக்கிறார்கள். ஓட்டிப்போக அங்கிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய வழிகாட்டி ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, வலேராவைக் கேட்டிருக்கிறார்கள்.

வந்தவர்களில் அர்த்தேம் அவனோடு பயிற்சிப் பள்ளியில் படித்தவன். என் எதிரிலேயே சொன்னான்: "அங்கேயே இருந்துடு. வேலை வாங்கித் தர்றேன். உங்கம்மாவும் அங்கதான இருக்காங்க?"

வலேரா ரஷ்யாவில் வோல்கா ஆற்றங்கரைக்காரன். சோவியத் உடைந்து, தொண்ணூற்றிரண்டில் தளத்தில் பாதிப் பேர் ஊர் திரும்பியபோது, இங்கேயே நின்று உக்ரைனுக்கு உறுதிமொழி எடுத்தான். எனக்காகவா? இத்தனை வருடம் கேட்கப் பயந்தேன்.

அக்டோபர் 21

கேட்டுவிட்டேன்.

"வேற யாருக்காக ராயா? உன் சமையலுக்காகவா?"

சிரித்தேன். அப்புறம் குளியலறைக்குப் போய் அழுதேன். போறேன்னு சொன்னான். வரேன்னு சொல்லலியே. ஏன் சொல்லல? நான்தான் கேட்டிருக்கணுமோ?

அக்டோபர் 27

இன்று என் வேலையைத் தான் பார்ப்பதாகக் கோபுரத்துத் தோழி சொன்னாள். விடவில்லை. என்னைத் தவிர யார் அவனை வழியனுப்புவது?

மெக்கானிக்குகள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடுபாதை ஓரம் நின்றார்கள். அவன் விமானம் கடைசியாக எழும்பியது. கோபுரத்துக் கண்ணாடி அதிர்ந்தது. அந்தச் சத்தத்துக்கு இவ்வளவு ஏங்கியிருந்தேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் வான்பரப்பு முடியும் இடத்தில் அர்த்தேம் வானொலியில் நன்றி சொன்னான். பிறகு வலேராவின் குரல்.

"கோபுரம், ஒரு கேள்வி. வோல்கா பக்கத்துலேர்ந்து ஞாயித்துக்கிழம அங்க ரயில் வருதா?"

பொத்தானை அழுத்தினேன்.

"வருகிறது" என்றேன். விதிப்படி, ஒரே சொல்.

அக்டோபர் 31

ரயில் வந்தது. அவன் வரவில்லை.

நவம்பர் 1

தொலைபேசி அழைப்பும் இல்லை. அர்த்தேம் பேசியே கரைத்துவிட்டானா? வலேராவின் அம்மா பிடித்துக்கொண்டாளா? பிடிக்கட்டுமே, பெற்றவள்தானே — இல்ல, விடமாட்டேன்.

நவம்பர் 3

வந்துவிட்டான்! பின்னால் அவன் அம்மா. கையில் ஒரு கூடை, கூடைக்குள் பூனை.

"பூனைய விட்டுட்டு வரமாட்டேன்னாங்க. பூனை கட்டிலுக்கு அடியிலேர்ந்து வரமாட்டேன்னுது. ரயில் போயிடுச்சு" என்றான்.

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இவன் இங்க வந்து இளைச்சிருப்பான்னு நெனச்சேன். நீதாண்டி இளைச்சிருக்க" என்று கட்டிக்கொண்டாள்.

2001 பிப்ரவரி 12

கடைசி விமானத்தையும் வெட்டியாயிற்று. கோபுரத்தைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்தேன். அழுகை வரும் என்றுதான் மெதுவாக நடந்தேன்.

வீட்டில் ரகளை. பள்ளியில் புவியியல் பாடம் நடத்திவிட்டு வந்த வலேராவும் அத்தையும் கொழுக்கட்டை பிடித்தபடி சண்டை. உள்ளே உருளைக்கிழங்கு என்கிறான் மகன், செர்ரி என்கிறாள் தாய். என்னைக் கண்டதும் இருவரும் ஒரே நேரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

செர்ரி என்றேன். இரண்டுக்கு ஒன்று. வலேரா தோற்றான்.