தட்டுக் கழுவியவன் தட்டு உடைத்த வருடம்

2025 மே 4, ஞாயிறு. எசன், ஜெர்மனி

இன்று அந்தக் கழகத்துக்குள் முன்கதவால் போனேன். இருபத்திரண்டு வருடம் பின்கதவால் போய்ப் பழகிய கால் வாசலில் கொஞ்சம் தயங்கியது. ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில், துவக்குச் சுடுவோர் கழகம். அதன் உணவகத்தில்தான் நான் தட்டுக் கழுவினேன். கழுவும் தொட்டிக்கு மேலே ஒரு யன்னல். உள்ளே என் கையிலிருந்து ஒரு தட்டு நழுவினால் முதலாளியின் முகம் மூன்று நாளைக்கு இருண்டிருக்கும். வெளியே பெரிய மனிதர்கள் வரிசையில் நின்று, காசு கொடுத்து, களிமண் தட்டை வானத்தில் எறிவித்துச் சுட்டு உடைப்பார்கள். உடைத்தவருக்குக் கைதட்டல்! ஓய்வு பெற்றதும் அந்தப் பக்கம் போய் நிற்பேன் என்று நினைத்திருந்தேன். ஓய்வு பெற்று ஏழு வருடம். அவசரம் ஒன்றும் இல்லைத்தானே.

இதை நானே எழுதுகிறேன். எழுதப் படித்ததே ஓய்வு பெற்ற பிறகுதான். ஜெர்மன் எழுத்தை மாலை வகுப்பில் படித்தேன். தமிழ் எழுத்தைப் புஷ்பமலர் ரீச்சரிடம், ஆறு வயதுக்காரரோடு ஒரே வாங்கில் இருந்து. அவர்கள் என்னைவிட வேகம். ஆனால் வடிவாக எழுதுவது நான்தான், ரீச்சரே சொன்னார். இந்தப் பக்கம் முடிவதற்குள் தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. ஆடையோடு குடித்தேன்.

மே 11

பயிற்றுநர் பெயர் யூலியா. என் மகளின் வயது இருக்கும். முதல் பாடம் சுடுவது அல்ல, சுடாமல் இருப்பது. துவக்கை நடுவில் மடித்துத் திறந்தபடியே கொண்டு திரிய வேண்டும். விரல் விசைக்கு வெளியே. வெறுமையாக இருந்தாலும் உள்ளே தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும். குழல் மனிதர் பக்கம் திரும்பவே கூடாது.

"ஒரு தடவை திரும்பினாலும் நேரே வீட்டுக்குப் போகலாம்" என்றாள்.

நல்ல நாடு. நாங்கள் ஊரில் கண்ட துவக்குக்காரர் எவருக்கும் இந்த வகுப்பு நடக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சுட விட்டாள். துவக்கு உதைத்து, பின்னேரம் தோள்மூட்டு நீலம். மனைவி பாலாம்பிகை எண்ணெய் பூச வந்தாள்.

"என்ன இது, கண்டிப்போய்க் கிடக்கு? எங்க விழுந்தனீங்கள்?"

"விழேல்லை. சுட்டனான்."

எண்ணெய்ப் போத்தலை மூடினாள். "துவக்குச் சத்தத்துக்குத்தானே பிள்ளையளையும் இழுத்துக்கொண்டு இஞ்ச ஓடி வந்தனாங்கள். இப்ப காசு குடுத்துச் சுடுறியளோ? விசரே உங்களுக்கு?"

வருடக் கடைசி நாளில் எசன் முழுக்க வெடி கொளுத்தும்போது அவள் குளியலறைக்குள் இருந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடுவாள், வெளியே கேட்காமல் இருக்க. நாற்பது வருடமாக அப்படித்தான். அது எனக்குத் தெரியாததா?

மே 18

பாலாம்பிகையோடு உடன்படிக்கை ஆகிவிட்டது. நவம்பரில் கழகத்தில் ஒரு சோதனை. எழுத்து ஒன்று, துவக்கைக் கையாள்வது ஒன்று.

"பாஸ் பண்ணினா நான் ஒண்டும் சொல்லன். பெயிலானா இந்த விளையாட்டு இதோட சரி. ஓமோ?"

"ஓம்."

அவள் ஏன் இவ்வளவு சுலபமாக இறங்கி வந்தாள் என்று பிறகுதான் விளங்கியது. எழுத்துச் சோதனை. நாற்பத்துநான்கு வருடம் எனக்குக் கடிதம் வாசித்துக் காட்டியவள் அல்லவா!

ஜூன் 1

ஒன்றும் படவில்லை. வானம் பெரியது.

ஜூன் 22

"நீங்கள் துவக்கைப் பார்க்கிறீர்கள். தட்டைப் பாருங்கள். கன்னத்தைப் பிடிக்கட்டையில் வையுங்கள், துவக்கு தானாக வரும். சுட்ட பிறகும் கையை நிறுத்தாதீர்கள்" என்றாள் யூலியா. எல்லாம் செய்தேன். தட்டு என்னைச் சட்டை செய்யாமல் போய் முழுதாகப் புல்லில் இறங்கியது.

கடைசியில், தூரத்து மரம் ஒன்றைப் பெருவிரலால் மறைத்து, கண்ணை ஒவ்வொன்றாக மூடச் சொன்னாள். வலக்கண்ணால் பார்த்தபோது விரல் துள்ளி ஒரு பக்கம் போனது. நான் வலக்கைக்காரன், ஆனால் என் இடக்கண்தான் முதலாளியாம். எழுபத்திரண்டு வருடம் மற்றவனுக்குச் சலாம் போட்டிருக்கிறேன். வலக்கண் தனியாகக் குறி பார்க்கட்டும் என்று மூக்குக்கண்ணாடியின் இடப்பக்கத்தில் ஒரு துண்டு ஒட்டுநாடா ஒட்டிவிட்டாள்.

அடுத்த தட்டு தூளாகிப் போனது. தூள்! பின்னால் நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் பழக்கத்தில் விளக்குமாறு எங்கே என்று பார்த்தேன்.

ஆகஸ்ட் 10

தமிழ்க் கடையில் அரியரத்தினம், பத்துப் பேர் கேட்க:

"என்ன அண்ணை, இந்த வயசில ஆரோட சண்டை?"

"தட்டோட."

"ஆர் வெல்லுறது?"

"தட்டுத்தான்."

உண்மையைச் சொன்னால் இவனால் அதற்குமேல் ஒன்றும் பேச முடிவதில்லை.

அக்டோபர் 19

கழகத்து வேட்டைக்காரர்களோடு வயலுக்குப் போனேன். வேட்டை உரிமம் இல்லாதவனுக்குத் துவக்கு இல்லை. ஒரு தடியும் செம்மஞ்சள் மேலங்கியும் தந்தார்கள். பற்றையை அடித்துப் பறவையைக் கிளப்புவது என் உத்தியோகம். நாய்க்கும் அதே உத்தியோகம், ஆனால் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஒரு காட்டுக்கோழி என் காலடியிலிருந்து தாழப் பறந்தது. ஒருவரும் சுடவில்லை. பறவைக்குப் பின்னால் ஆள் நின்றால் சுடக் கூடாதாம். ஆள் நான்தான். கோழி எனக்கு நன்றி சொல்லவில்லை.

நவம்பர் 8

எழுத்தில் பாஸ். பெயரைக் கூப்பிட்டு, "கணேசலிங்கம், மிக நன்று" என்றார் சோதனை அதிகாரி. என் பெயருக்குப் பக்கத்தில் அப்படி ஒரு சொல்லை யாரும் வைத்ததில்லை. இதை இன்னும் இரண்டு பக்கம் எழுதலாம். எழுதமாட்டேன்.

அடுத்தது கையாள்வது. வெறும் துவக்கு. மைதானத்தில் திறந்து காட்டினேன், மூடினேன், தோளில் வைத்தேன். எல்லாம் சரி. அப்போது வேலிக்குப் பின்னாலிருந்து:

"இஞ்சாருங்கோ!"

பாலாம்பிகை. பஸ் பிடித்து, சாப்பாட்டுப் பெட்டியோடு. அவள் வருவாள் என்று யார் கண்டது? அந்தச் சொல்லுக்கு நாற்பத்துநான்கு வருடமாக உடம்பு முழுவதும் திரும்பிப் பழகியவன் நான். திரும்பினேன். துவக்கும் திரும்பியது. நேரே அவள் பக்கம்.

அதிகாரி கையை உயர்த்தினார். முடிந்தது.

அவளோ வேலியைப் பிடித்துக்கொண்டு அவரோடு தன் ஜெர்மனில் சண்டை. தன் மனுசன் தன்னை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை, சுடுவானா என்று. அவர் தலையை ஆட்டி, விதி விதிதான் என்றார்.

நவம்பர் 9

எல்லாம் சரியாத்தானே செய்தனான். கடைசியில — சீ, போகட்டும். சொன்ன சொல் சொன்னதுதான். சுடும்போது போடும் காதுமூடியைக் கட்டிலுக்குக் கீழே போட்டுவிட்டேன்.

நவம்பர் 30

இரண்டு பேரும் மிக மரியாதையாக நடந்துகொள்கிறோம். வீடு அரசாங்கக் கந்தோர் மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 31

ஐந்து மணிக்கே வெடி தொடங்கிவிட்டது. குளியலறைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆள் இல்லை. குசினிக்குப் போனேன். மேசையில் இருந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையில் என் காதுமூடி.

"இது எப்ப எடுத்தனீர்?" என்று கேட்டேன். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டேன். வழக்கம்போலத்தான்.

பிறகு ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டுச் சொன்னாள்: "இதைப் போட்டா அந்தச் சனியன் எங்கயோ தூரத்தில கிடந்து இருமுற மாதிரிக் கேக்குது. இப்பிடி ஒரு சாமான் இருக்கெண்டு முதலே சொன்னா என்ன?"

என்னிடமா கேட்கிறாள்? நாற்பது வருடமாகக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு இருந்தவளிடம் இதைப் பற்றிப் பேச எனக்கு எங்கே துணிவு இருந்தது?

வெங்காயம் முடிந்ததும்: "அண்டைக்குக் குழப்பினது நான். அது கணக்கில்லை. திருப்பி ஒருக்காச் செய்யுங்கோ. நான் வரேல்லை."

2026 மார்ச் 14

அவள் வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை. பாஸ்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நல்ல வெயில். இன்று ஏழு தட்டு உடைத்தேன், என் வாழ்க்கையிலேயே இதுதான் அதிகம். பாலாம்பிகை பின்னால் வாங்கில் இருந்தாள், புதுச் சிவப்புக் காதுமூடியை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு. மற்றக் காது பக்கத்தில் இருந்த யூலியாவின் தாயாருக்கு. கோழிக் குழம்புக்கு எவ்வளவு தேசிக்காய்ப் புளி விடுவது என்று விளக்கம் நடந்தது. என் பக்கம், என் இரண்டு பக்கமும், துவக்குகள் வெடித்துக்கொண்டே இருந்தன. ஏழு தட்டு! அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.