வெட்டப்பட்ட ஐந்து லேபிள்கள்

அனுப்புநர்
முதலில் இறங்கும் பணியாளர்,
கயிறு மீட்புக் குழு.

பெறுநர்
உபகரணக் கொள்முதல் அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: லேபிள் இல்லாத மூன்று ஹார்னஸ்களையும் கழித்துவிட்டு, புதியவை தேர்ந்து வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் பழைய ஹார்னஸ்கள் கிழிந்ததால், சென்ற மாதம் தாங்கள் மூன்று புதியவற்றையும் இரண்டு கயிறுகளையும் அனுப்பினீர்கள். கோப்பில் 'பெல்ட்' என்றிருப்பதால் விளக்குகிறேன்: ஹார்னஸ் என்பது தோள், இடுப்பு, தொடை எல்லாம் மாட்டிக்கொண்டு நாங்கள் தொங்கும் வார். பையைத் திறந்தால் ஐந்து பொருள்களிலும் லேபிள் இல்லை. ஒரு நூல்கூடப் பிரியாமல் வெட்டப்பட்டிருந்தது. திருடனுக்கு இவ்வளவு பொறுமை ஏது என்று வியந்தேன். ஐந்து லேபிள்களும் பண்டக அறை மேசையில் ஓர் உறைக்குள் பத்திரமாக இருந்தன.

2. எது எதனுடையது என்று அறிய ஆவல் பிறந்தது. கயிறுகள் இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று, ஏறுபவர் தவறி விழுந்தால் நீண்டுகொடுத்து அதிர்ச்சியைக் குறைப்பது. மற்றொன்று ஆளை இறக்கித் தூக்குவது. அது அதிகம் நீளக்கூடாது. என் எடைக்கு மணல் மூட்டை கட்டிப் பயிற்சிக் கோபுரத்தில் தொங்கவிட்டேன். ஒன்று நான்கு விரல் நீண்டது, மற்றது ஒரு முழம். இரண்டு லேபிள்கள் வீடு போய்ச் சேர்ந்தன. அன்று எனக்கிருந்த சந்தோஷத்தை மறைப்பானேன்.

3. ஹார்னஸ்களில் அந்த வித்தை பலிக்கவில்லை. மீதி மூன்று லேபிள்களில் ஒன்று பதினொரு ஆண்டுகளுக்கு முன் தயாரானதற்கு உரியது. பத்தாண்டுக்கு மேல் பயன்படுத்தலாகாது என்றும் அதிலேயே அச்சிட்டிருக்கிறது. மூன்று ஹார்னஸ்களும் ஒரே சிவப்பு, ஒரே தையல். முகர்ந்தும் பார்த்தேன். அறுத்துப் பார்த்தால் தெரியலாம். அறுத்தபின் தெரிந்து என்ன பயன்?

4. நிலையத் தலைவரிடம் முறையிட்டேன். "மூணுல ஒண்ணுதானேம்மா பழசு, பார்த்து எடுத்துக்கோங்க" என்றார். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்பார்கள். இங்கே எந்தக் குதிரை மண் என்றே தெரியவில்லை. வரும் வெள்ளிக்கிழமை ஆலைப் புகைபோக்கிக்குள் இறங்க வேண்டும். குழுவில் எடை குறைந்தவள் என்பதால் முதலில் இறங்குவது நான்.

5. லேபிளை வெட்டியவர் பண்டகக் காப்பாளர். அவர் என் கணவர். வீட்டு விஷயம் வீதிக்கு வரக்கூடாதுதான். ஆனால் இது உயிர் விஷயம். ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். "கழுத்துல உறுத்துதுன்னு உன் துணியில எல்லாம் வெட்டச் சொல்வியே, அதான்" என்றார். அதற்குமேல் கோபப்பட முடியவில்லை. பயம் மட்டும் போகவில்லை. ஒன்று காலாவதியானது என்று தெரிந்த நாள் முதல் அவர் மூன்று ஹார்னஸ்களையும் பெட்டியில் பூட்டிவிட்டு, சாவியைத் தலைவருக்கும் தர மறுக்கிறார். அதற்காக நேற்று அவருக்கு மெமோ வந்திருக்கிறது. வெட்டியதற்கு யாரும் மெமோ கொடுக்கவில்லை.

6. ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன் மூன்றையும் கழிக்கவும், சாவிக்கான மெமோவை ரத்து செய்யவும், இனி வாங்கும்போது பெட்டியைப் பிரித்துத் தயாரிப்பு ஆண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவும் ஆவன செய்யும்படி வேண்டுகிறேன். புதியவற்றில் லேபிள் அப்படியே இருக்கட்டும். உறுத்தினால் உறுத்தட்டும், பொறுத்துக்கொள்கிறேன் என்று வீட்டிலும் சொல்லிவிட்டேன்.

நாள்: 12.06.2023
இடம்: மீட்பு நிலையம்

இப்படிக்கு,
(ஒப்பம்)
முதலில் இறங்குபவள்

இணைப்பு: உரியது எதுவெனத் தெரியாத லேபிள்கள் மூன்று.