அப்பாவுக்கு வராத காய்ச்சல்

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே இருவரும். நீயும் நீ கட்டிக்கொள்ளப் போகிறவரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

உன் அப்பா குடியை விட்டது போன மழைக்கு, இதோ அடுத்த மழையும் வந்துவிட்டது. விட்டால் நிம்மதி என்று நினைத்தேன். சாயங்காலம் என்று ஒன்று இருப்பதே அவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியாமல் என் உயிரை வாங்குகிறார். குழாயை இறுக்குகிறார், அப்புறம் என்னால் திறக்க முடிவதில்லை. அடுக்களை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கிவிட்டார், சர்க்கரை எங்கே என்று நான் அவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. சமையலில் உப்பு தூக்கல் என்கிறார், கல்யாணமான நாளிலிருந்து அதே கை அதே உப்புதான், இத்தனை காலமும் நாக்கை எங்கே வைத்திருந்தாரோ. கூடக் குடித்தவர்கள் தெருவில் பார்த்தால் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு ஒதுங்கிப் போகிறார்கள். சில நாள் பேசாமல் உட்கார்ந்து மேஜையை விரலால் தட்டிக்கொண்டே இருப்பார், அப்போது எனக்குப் பயமாக இருக்கும், இன்னொரு குழாய் ஒழுகுகிறது என்று பொய் சொல்லி எழுப்பிவிடுவேன்.

போன வாரம் நடந்ததைக் கேள். காலையில் அச்சக மேனேஜர் போன் செய்தார். அவர் நம்பரைப் பார்த்ததும் என் வாய் என்னைக் கேட்காமலே, சார் அவருக்கு ராத்திரியிலேருந்து நல்ல காய்ச்சல், எழுந்திரிக்கவே முடியல, நாளைக்கு வந்துடுவார் என்று ஒப்பித்துவிட்டது. அதற்கு மேனேஜர், அம்மா அவர் என் பக்கத்துலதான் நிக்கிறார், கண்ணாடியை வீட்டுல வெச்சுட்டு வந்துட்டாராம், அது இல்லாம பேப்பர் வெட்டுற மெஷின்ல கை வைக்க விடமாட்டேன், யார்கிட்டயாவது கொடுத்தனுப்புங்க என்றார். ஸ்பீக்கரில் வேறு போட்டிருந்தாராம், அச்சகமே சிரித்திருக்கிறது. அன்று வழக்கமான நேரத்துக்கு அப்பா வரவில்லை. கட்டிக் காத்ததை என் வாயாலேயே கெடுத்தேனே என்று அழுதேன், சிரிக்காதே, நிஜமாகவே அழுதேன். இருட்டிய பிறகு வந்தார். பழக்க தோஷம், கிட்டே போய் முகர்ந்து பார்த்தேன், காகிதத் தூசி வாசனைதான். பிராந்திக் கடை வாசல் வரை போனாராம், உள்ளே போகாமல் சுற்று வழியில் நடந்தே வந்தாராம். சாப்பிடும்போது, உன்னை என்ன சொல்றது, இத்தனை வருஷத்துல எனக்காக எத்தனை காய்ச்சலை வரவழைச்சிருப்ப என்றார். அன்று உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா உடம்பு முடியாதவர், கல்யாணத்துக்கு வர முடியாது என்று மாப்பிள்ளை வீட்டில் நீ சொல்லி வைத்திருப்பதை அவரிடம் மறைத்தே வைத்திருந்தேன். உன்மேல் தப்பில்லை, அந்த வித்தையை என்னிடம்தான் கற்றாய். அன்று அதையும் சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை. மறுநாள் இரண்டு டிக்கெட் எடுத்து வந்தார், ஒரு வெள்ளைச் சட்டையும்.

வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லத் தேவையில்லாமல் நீண்ட காலம் வாழ என் ஆசீர்வாதம். ஒன்றை மட்டும் மறக்காமல் பதில் எழுது, அப்பா தினமும் கேட்கிறார். அங்க எனக்கு என்ன நோய்னு சொல்லி வெச்சிருக்கா, காலா நெஞ்சா, முன்னாடியே தெரிஞ்சா அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்குவேன், எம் பொண்ணு பொய் சொன்னவளா ஆகிடக் கூடாது என்கிறார்.

இப்படிக்கு,
உன் அம்மா